250 மில்லி பிரிபுனல், 500 மில்லி ஆக்டனால்: இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு

கடையின் பெயரைப் போடப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி டவுனுக்குள் பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை. தவறு அவர்கள் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. அவர்கள் தவறை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் பெயரை இழுத்துத் தெருவில் விட மனசு வரவில்லை. ஆனால் இதே சாமான்களை வாங்கப் போகிறவர்கள், குறிப்பாக எம்.ஃபார்ம் முடிக்கும் கடைசி ஆறு மாதத்தில் கையில் காசும் நேரமும் இல்லாமல் ஓடும் பிள்ளைகள், நான் பட்டதைப் படக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தருமபுரிப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். இந்த வருடம் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி வேலை வந்தது: ஒரு மருந்து கொழுப்பில் எவ்வளவு கரைகிறது, தண்ணீரில் எவ்வளவு கரைகிறது, இரண்டுக்கும் விகிதம் என்ன என்று அளக்க வேண்டும். அந்த விகிதத்துக்கு லாக் (மடக்கை) எடுத்தால் வரும் எண்ணை லாக் பி என்று சொல்வோமே, அதுதான். இதற்கு லட்ச ரூபாய் இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு பிரிபுனல் (ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களை அடியில் இருக்கும் திருகைத் திறந்து தனித்தனியாக இறக்கும் கண்ணாடிப் புனல்), கொழுப்பின் இடத்தில் வைக்க ஒரு பாட்டில் ஆக்டனால், நல்ல காய்ச்சி வடித்த தண்ணீர், அளந்து பார்க்க ஒரு யூவி மெஷின் (புற ஊதா ஒளியைக் கரைசல் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து மருந்தின் அளவைச் சொல்வது). யூவி எங்களிடம் இருக்கிறது, மற்றதை வாங்கப் போனேன்.

கடையில் இருந்தவர் நல்ல மனிதர். "மேடம், செப்பரேட்டிங் ஃபன்னல்தானே, கண்ணாடித் திருகு வேணுமா, வெள்ளைத் திருகு வேணுமா?" என்று கேட்டார். வெள்ளைத் திருகு என்றால் டெஃப்லான். இரண்டுக்கும் அப்போது நானூறு ரூபாய் வித்தியாசம். மூன்று புனல் என்றால் 1,200 ரூபாய். கல்லூரி அலுவலகத்தில் அந்த 1,200க்கு எத்தனை கையெழுத்து வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடித் திருகே போதும் என்று சொல்லிவிட்டேன். என் பக்கத் தவறு என்றேனே, இதுதான்.

கண்ணாடிக்குள் கண்ணாடி உரசும் திருகு சும்மா ஒழுகாமல் நிற்காது, கிரீஸ் தடவ வேண்டும். பள்ளிக்கூடத்தில் அயோடினைப் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு துளி வாஸ்லின் தடவினால் வேலை முடிந்தது, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இங்கே நாம் அளப்பதே கொழுப்பை விரும்பும் பொருளை. அது ஆக்டனாலைத் தேடிப் போகிற மாதிரியே திருகில் இருக்கும் வாஸ்லினையும் தேடிப் போகும், பத்தாததற்கு ஆக்டனால் அந்த வாஸ்லினையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். முதல் வாரம் எங்களுக்கு மருந்துக் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. போட்டது இவ்வளவு, மேலே இருப்பது இவ்வளவு, கீழே இருப்பது இவ்வளவு, கூட்டினால் குறைகிறது. ஒரு மாணவி தன் கை நடுங்குவதால்தான் என்று நினைத்து அழுதேவிட்டாள். திருகைக் கழற்றி, அதைத் துடைத்த பஞ்சை மெத்தனாலில் ஊறவைத்து யூவியில் வைத்துப் பார்த்தோம். காணாமல் போன மருந்தில் ஒரு பங்கு அங்கே உட்கார்ந்திருந்தது. அவள் கையில் ஒரு குறையும் இல்லை.

ஆக, பிரிபுனல் பற்றி என் தீர்ப்பு இதுதான். கண்ணாடி நன்றாக இருக்கிறது, போரோசிலிகேட், மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது, அளவுக் கோடு அழியவில்லை. ஆனால் இந்த வேலைக்குக் கண்ணாடித் திருகு வாங்காதீர்கள். டெஃப்லான் திருகுக்குக் கிரீஸ் தேவையில்லை. நானூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று பேருடைய ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

இனி ஆக்டனால். இது கடையின் தவறு, கொஞ்சம் பெரிய தவறு.

நான் சீட்டில் எழுதிக் கொடுத்தது "ஆக்டனால் 500 மில்லி". எழுதும்போது முன்னால் ஒன் (1) போட்டிருக்க வேண்டும், அது என் சோம்பேறித்தனம். வந்த பாட்டிலில் கொட்டை எழுத்தில் ஆக்டனால் என்றுதான் இருந்தது, அதற்குக் கீழே எறும்பு மாதிரி எழுத்தில் கேப்ரைல் ஆல்கஹால் என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. மூன்று நாள் வேலை நடந்துவிட்டது. நான்காம் நாள் ரெக்கார்டு நோட்டில் ரசாயனத்தின் கேஸ் எண்ணை (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலகம் முழுக்க ஒன்றாக இருக்கும் அடையாள எண்) எழுத வேண்டிய இடம் வந்தபோது ஒரு பையன் பாட்டிலைப் பார்த்து 123-96-6 என்று எழுதினான். நமக்கு வேண்டியது 111-87-5, அது ஒன்-ஆக்டனால். வந்திருப்பது டூ-ஆக்டனால்.

இரண்டும் எட்டுக் கார்பன் ஆல்கஹால்தான், வாய்பாடு ஒன்றேதான். ஒன்றில் ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) வால் நுனியில் இருக்கிறது, இன்னொன்றில் ஒரு கார்பன் தள்ளி இருக்கிறது. ஒன் 195 டிகிரியில் கொதிக்கும், டூ 180 பக்கமே கொதித்துவிடும். பார்த்தால் இரண்டும் நிறமற்ற திரவம், தண்ணீரில் மிதக்கும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கைக்கு அதிகம் வருவது டூ-தானாம். அதிலும் ஒரு வேடிக்கை. டூ-ஆக்டனாலை ஆமணக்கு எண்ணெயில் இருந்து எடுக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கடலைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கிறதே அந்த ஆமணக்குதான். ஊர்ப் பயிரின் பேரன் ஒருவன் பாட்டிலில் ஏறி எங்கள் மூன்று நாளைக் கெடுத்துவிட்டுப் போனான்.

அதில் அளந்தால் எண் வராமல் போகாது. ஏதோ ஓர் எண் வரும். ஆனால் உலகம் முழுக்கப் புத்தகங்களில் இருக்கும் எண்கள் எல்லாம் ஒன்-ஆக்டனாலில் அளந்தவை, அவற்றோடு ஒப்பிட முடியாது. நம் ஊர்ப் படியால் அளந்துவிட்டு அடுத்த ஊர்ப் படிக் கணக்கில் விலை பேசின மாதிரி ஆகிவிடும். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். திறந்த ரசாயனத்தைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று முதலில் சொன்னார், நியாயம்தான். அப்புறம் சீட்டையும் லேபிளையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, "சரிங்க மேடம், பாதி எம்மேல, பாதி உங்க மேல" என்று புது பாட்டிலைப் பாதி விலைக்கு வரவழைத்துக் கொடுத்தார். வர ஒன்பது நாள் ஆனது. இனிமேல் எந்தக் கடையிலும் பெயரோடு கேஸ் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். இதை நான் எங்கள் ஆய்வகக் கதவில் ஒட்டியே வைத்துவிட்டேன்.

அந்த ஒன்பது நாள் சும்மா இருந்தபோது பிள்ளைகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "மேடம், கொழுப்புதானே வேணும், கடலெண்ணெய்ல அளந்தா என்ன?" சிரிக்க வேண்டாம், முதலில் அப்படித்தான் அளந்தார்கள். 1899இல் ஜெர்மனியின் மார்பர்கில் மேயர், 1901இல் சூரிச்சில் இருந்த ஓவர்டன், இரண்டு ஆய்வாளர்களுமே ஆலிவ் எண்ணெயையும் தண்ணீரையும் வைத்துத்தான் பார்த்தார்கள். ஓவர்டன் தலைப்பிரட்டைகளைத் தொட்டியில் விட்டு, எந்த மருந்து எவ்வளவு சேர்த்தால் அவை நீந்தாமல் மயங்கி நிற்கின்றன என்று கவனித்தார். எண்ணெயில் அதிகம் கரைகிற பொருள் எதுவோ அது கொஞ்சமாகச் சேர்த்தாலே மயக்கியது. மயக்க மருந்துக்கும் எண்ணெய்க்கும் உறவு இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் எண்ணெய் என்பது ஒரு பொருள் இல்லை. இந்தச் செக்கில் ஆட்டியது ஒரு மாதிரி, அந்தச் செக்கில் ஆட்டியது ஒரு மாதிரி, போன மாதம் ஆட்டியது சிக்கு வாடை அடிக்கும். பிசுபிசுப்பு வேறு, யூவியில் வைத்தால் எண்ணெயே ஒளியை விழுங்கும். 1960களில் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் கார்வின் ஹான்ஷ் என்ற வேதியியலாளரும் ஜப்பானில் இருந்து வந்த ஃபுஜிதாவும் ஆக்டனாலைப் பிடித்தார்கள். அவர்கள் தொடங்கியதும் மனித மருந்தில் இல்லை, செடி வளர்ச்சியைத் தூண்டும் ஒரு வகைப் பொருள்களில். ஆக்டனாலுக்கு நீளமான கொழுப்பு வால் ஒன்று, நுனியில் தண்ணீரோடு கை கோக்கும் ஓஹெச் ஒன்று. நம் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் ஏறக்குறைய அந்தக் குணம்தான், வால் கொழுப்பு, தலை தண்ணீர். தூய்மையாகக் கிடைக்கிறது, யூவியில் குறுக்கே வருவதில்லை. அதனால் அதுவே நிலைத்துவிட்டது.

அளப்பது சொல்லும்போது எளிது. மருந்தைப் போட்டு ஆக்டனாலையும் தண்ணீரையும் சேர்த்துக் குலுக்க வேண்டும், நிற்க விட வேண்டும், மேலே இருப்பதில் எவ்வளவு கீழே இருப்பதில் எவ்வளவு என்று அளந்து வகுக்க வேண்டும், லாக் எடுக்க வேண்டும். ரசத்தில் தாளித்துக் கொட்டின எண்ணெய் மேலே மிதக்கிறதே, மஞ்சள் நிறம் அந்த எண்ணெயில் ஏறி, புளிப்பும் உப்பும் கீழேயே நிற்கிறதே, அதே சங்கதி. ஆனால் இதில் பொறுமை கேட்கும் இடம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது: மருந்து போடுவதற்கு முன்னாலேயே இரண்டு திரவத்தையும் ஒன்றோடொன்று பழக்கிவிட வேண்டும். ஆக்டனால் தன் எடையில் ஐந்து சதவீதம் அளவுக்குத் தண்ணீரைக் குடிக்கும், தண்ணீரும் லிட்டருக்கு அரை கிராம் போல ஆக்டனாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை முன்கூட்டியே நடக்க விடாவிட்டால் சோதனை நடுவில் அடுக்குகளின் அளவே மாறிப் போகும். 24 மணி நேரம் இயந்திரத்தில் குலுக்கிவிட்டுத் தெளிய விட வேண்டும் என்பது முறை. எங்களிடம் குலுக்கும் இயந்திரம் பழுது. தொப்பூர் கணவாய் வழியாகப் போய் வரும் காலேஜ் பஸ்ஸில் கட்டிவிடலாமா என்று ஒருவன் கேட்டான். வேண்டாம் என்று சொன்னாலும் யோசனை மோசமில்லை என்று உள்ளுக்குள் தோன்றியது.

மருந்து போட்ட பிறகு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிரிபுனலைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி ஐந்து நிமிடத்தில் நூறு முறை போதும். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி இரண்டு அடுக்கையும் கடந்து மேலே ஏற வேண்டும், அவ்வளவே. வெறிபிடித்த மாதிரி குலுக்கினால் மோர் கடைந்த மாதிரி நுரைத்துக்கொண்டு பிரியவே பிரியாது. இன்னொன்று, மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை, பலவற்றில் ஷாம்பூவில் இருக்கும் லாரில் சல்ஃபேட்டும் இருக்கும், அது அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தூய மருந்துப் பொடிதான் வேண்டும்.

புது பாட்டில் வந்ததும் பாராசிட்டமாலில் ஆரம்பித்தோம். புத்தகத்தில் இருப்பது 0.46, எங்களுக்கு 0.4க்கும் 0.5க்கும் நடுவில் வந்தது. அதாவது தண்ணீரில் ஒரு பங்கு இருந்தால் ஆக்டனாலில் மூன்று பங்கு. அன்றைக்கு எல்லோருக்கும் டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

இபுப்ரோஃபென் அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்டது. அதன் லாக் பி நாலுக்கு ஒரு நூல் குறைவு. லாக் என்பதால் நாலு என்றால் சின்ன எண் மாதிரி தெரியும், பிரித்துப் பார்த்தால் தண்ணீரில் ஒன்று, ஆக்டனாலில் ஒன்பதாயிரத்துச் சொச்சம். இங்கேதான் பிரிபுனலின் குறை வெளியே வந்தது. பத்து மில்லி தண்ணீரைக் கீழே திறந்து எடுக்கிறோம் என்று வையுங்கள், அதில் ஆக்டனால் ஒரு சின்னத் துளி, வெறும் 0.01 மில்லி, கண்ணுக்கே தெரியாமல் சேர்ந்து வந்துவிட்டது. அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்தத் துளியில் இருக்கும் மருந்து, அந்தப் பத்து மில்லி தண்ணீர் முழுவதிலும் இருப்பதைப் போல ஒன்பது மடங்கு. தண்ணீரில் பத்து மடங்கு இருப்பதாக மெஷின் சொல்லும், லாக் பி ஒரு முழு எண் இறங்கி மூன்று என்று காட்டும். எங்களுக்கு 3.1 வந்தது, அடுத்த முறை 3.6, அதற்கடுத்தது 2.9. ஆறு அளவும் ±0.3க்குள் நிற்க வேண்டும் என்பது ஓஇசிடி (பல நாடுகள் சேர்ந்து சோதனை முறைகளை வகுக்கும் அமைப்பு) விதி எண் 107. எங்களுடையது ஊஞ்சல் ஆடியது.

இதைச் சரிசெய்தது அந்தக் கடையிலேயே வாங்கிய வேறு பொருள். மூடி போட்ட கண்ணாடி சென்ட்ரிஃபியூஜ் குழாய்கள் (வேகமாகச் சுற்றி அடுக்குகளைப் பிரிக்கும் இயந்திரத்தில் வைப்பவை). விலை கம்மி, பார்க்க ஒன்றுமில்லை, காட்சிக்கு வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழாயிலேயே கலந்து, குழாயிலேயே திருப்பி, அப்படியே சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மிதந்து திரியும் துளிகள் எல்லாம் மேலே போய்ச் சேர்ந்துவிடும். தண்ணீரை எடுக்கும்போது சிரிஞ்சில் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு, ஊசி ஆக்டனால் அடுக்கைத் தாண்டும் வரை அந்தக் காற்றை மெல்ல விட்டுக்கொண்டே இறக்க வேண்டும், அப்போதுதான் ஊசிக்குள் ஆக்டனால் ஏறாது. எடுத்த பிறகு அந்த ஊசியைக் கழற்றிவிட வேண்டும். அதோடு தண்ணீரை நிறைய, ஆக்டனாலைக் கொஞ்சமாக வைத்தோம். 3.8, 3.9 என்று நின்றது. பாட்டிலும் சீக்கிரம் காலியாகவில்லை. ஐந்தைத் தாண்டும் மருந்துக்கு இந்த முறையே ஆகாது, அதற்கு மெதுவாகக் கலக்கும் முறையோ ஹெச்பிஎல்சியோதான் (அழுத்தத்தில் திரவத்தை ஓட்டிப் பொருள்களைப் பிரித்து அளக்கும் இயந்திரம்).

குழாயில் பிளாஸ்டிக் வாங்காதீர்கள், பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று. கிரீஸ் கதையேதான். கொழுப்பு விரும்பி மருந்துகள் சில பிளாஸ்டிக்கிலும் போய் ஒட்டும். ஆஸ்பத்திரியில் டயஸெபாமை பிவிசி டியூபில் ஏற்றினால் ஒரு பகுதி டியூபிலேயே தங்கிவிடும் என்பது மருந்தியலில் பழைய பாடம். படித்திருந்தும் திருகில் வாஸ்லின் தடவினேன் பாருங்கள், நான்.

தண்ணீர் பற்றியும் ஒரு பாரா எழுதியாக வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ப் பிரச்சினை. தருமபுரி போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பது ஊருக்கே தெரியும், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளோரைடை விட எங்கள் ஆய்வகத்துக்கு வில்லன் கடினத்தன்மைதான், காய்ச்சி வடிக்கும் கருவியின் சுருளில் இரண்டு மாதத்தில் சுண்ணாம்பு கட்டிவிடும். அது ரிப்பேரில் இருந்த வாரம் ஒரு பையன் பெட்ரோல் பங்க்கில் பேட்டரி வாட்டர் வாங்கி வந்து புரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மருந்தை அளந்துவிட்டான். வந்த எண் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று. குற்றம் பேட்டரி வாட்டரில் மட்டும் இல்லை, பஃபர் (பிஹெச்சை, அதாவது அமில காரத்தின் அளவை, மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்) போடாததில். புரோப்ரனலால் ஒரு காரம், அதன் பிகேஏ (பாதி மூலக்கூறுகளில் மின்னூட்டம் ஏறி நிற்கும் பிஹெச்) 9.5. பிஹெச் 7.4இல் நூறில் 99க்கு மேல் மின்னூட்டம் ஏறி நிற்கும். மின்னூட்டம் ஏறியது தண்ணீரை விட்டு வராது. ஏறாமல் இருக்கும்போது லாக் பி 3.5 பக்கம், 7.4இல் அளந்தால் 1.2, 1.3 என்று இறங்கிவிடும். இந்த இரண்டாவது எண்ணுக்கு லாக் டி என்று பெயர். இபுப்ரோஃபென் அமிலம் என்பதால் அதற்குத் தலைகீழ், வயிற்றுப் புளிப்பில் கொழுப்புப் பக்கம், ரத்தத்தின் 7.4இல் தண்ணீர்ப் பக்கம். நாங்கள் இபுப்ரோஃபெனை பிஹெச் 2இல் அளந்தது அதனால்தான். பிஹெச் எழுதாமல் வெறும் எண்ணைக் கொண்டுவந்து நீட்டும் ரெக்கார்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

என் கணவர் கேட்டார், இந்த எண்ணை வைத்து என்ன செய்வீர்கள் என்று. அவர் பாலக்கோட்டில் தக்காளி மண்டிக் கணக்குப் பார்ப்பவர், எந்த எண்ணுக்கும் ஒரு பயன் இருக்க வேண்டும் அவருக்கு. அவருடைய அம்மாவின் மாத்திரையை வைத்தே சொன்னேன். அத்தைக்கு நடுக்கத்துக்காகப் புரோப்ரனலால் கொடுத்திருந்த காலத்தில் ராத்திரி கெட்ட கனவு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதே குடும்பத்தைச் சேர்ந்த அட்டினலாலின் லாக் பி 0.2 பக்கம், புரோப்ரனலாலுக்கு 3.5. மூளையைச் சுற்றி இருக்கும் தடுப்பு கொழுப்பு விரும்பிகளைத்தான் சுலபமாக உள்ளே விடும். அதனால்தான் கனவுத் தொல்லை புரோப்ரனலாலில் அதிகம், அட்டினலாலில் குறைவு. சளிக்குப் போடும் பழைய குளோர்ஃபெனிரமின் தூக்கம் வரவைப்பதும் ஏறக்குறைய இதே வழிதான். (மாத்திரையை நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.)

சரி, கொழுப்பில் நன்றாகக் கரைந்தால் நல்லதுதானே என்றால், இல்லை. குடலில் முதலில் தண்ணீரில் கரைய வேண்டும், அப்புறம்தான் சவ்வைத் தாண்டும் பேச்சு. ஃபைஸர் மருந்து நிறுவனத்தில் இருந்த லிபின்ஸ்கி, வாயில் போடும் மருந்து உடம்பில் ஏறுமா என்று ஊகிக்க 1997இல் நான்கு விதி எழுதினார், அதில் ஒன்று லாக் பி ஐந்துக்கு மேல் போக வேண்டாம் என்பது. தாண்டிப் போகும் மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு வில்லங்கத்தோடு வரும். தொழுநோய்க்குக் கொடுக்கும் குளோஃபாசிமின் ஏழுக்கு மேல். சாப்பிட்டவர்களின் தோல் செம்பழுப்பாகக் கறுத்துப் போகும், உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கி, நிறுத்திய பிறகும் மாதக் கணக்கில் இறங்காது. அந்த நிறம் தெரிந்தால் ஊரில் நோய் தெரிந்துவிடும் என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்களைப் பற்றி என் மாமா சொல்லியிருக்கிறார், அவர் சுகாதாரத் துறையில் இருந்தவர். காசநோய்க்கு வந்த பெடாகுவிலினும் ஏழு பக்கம்தான், உணவோடு கொடுத்தால் இரண்டு மடங்கு உடம்பில் ஏறுகிறது, கடைசித் துளி வெளியேற மாதங்கள் ஆகும்.

பள்ளிக்கூடத்தில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே, அல்பெண்டசோல், அதுவும் நல்ல உதாரணம். குடல் பூச்சிக்கு அது ரத்தத்தில் ஏறவே வேண்டாம், குடலில் இருந்தால் போதும், மென்று விழுங்கினால் சரி. அதே மாத்திரையை மூளையில் நாடாப்புழுக் கட்டி உள்ளவருக்குக் கொடுக்கும்போது நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு கொடுப்பார்கள், ரத்தத்தில் ஐந்து மடங்கு வரை கூடும். ஒரே மாத்திரை, களியும் கீரையும் தின்றுவிட்டுப் போட்டால் ஒரு கணக்கு, பிரியாணி தின்றுவிட்டுப் போட்டால் ஒரு கணக்கு. என் கணவருக்கு இதுதான் பிடித்தது.

கணினியில் போட்டால் எண் வந்துவிடுமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்விஸ்ஏடிஎம்இ என்ற இணையதளம் இலவசம்தான், நாங்களும் பார்க்கிறோம். ஒரே மூலக்கூறுக்கு ஐந்து வழியில் ஐந்து லாக் பி கொடுக்கும், கீழே சராசரி ஒன்று. சில மருந்துக்கு அந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒரு முழு எண்ணுக்கு மேல் விலகி நிற்கும், ஒரு முழு எண் என்றால் பத்து மடங்கு. புதிதாகச் செய்த பொருள் என்றால் அளக்காமல் முடியாது. பாராசிட்டமாலுக்கு இன்னொரு முறை அளப்பது பிள்ளைகள் கை பழகத்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கடைக்குத் திரும்புகிறேன். கட்டிக் கொடுத்த விதம் நன்று, வைக்கோலும் பழைய செய்தித்தாளும் வைத்து மாம்பழப் பெட்டியில் அடுக்கியிருந்தார், ஒரு புனலும் உடையவில்லை. ஜிஎஸ்டி பில் கேட்டதும் கொடுத்தார், கல்லூரிக்கு அது முக்கியம். போனை எடுக்க மாட்டார், வாட்ஸ்அப்பில் போட்டால் ராத்திரி பத்து மணிக்குப் பதில் வரும். ரசாயனத்தில் அவருக்குத் தெரிந்தது பள்ளிக்கூட அளவுதான், அதை அவரே சொல்கிறார். கண்ணாடிச் சாமானுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், ரசாயனத்துக்கு இரண்டரை, அந்த அரை, பாதி விலைக்கு மாற்றிக் கொடுத்ததற்காக.

மூன்று பிரிபுனல்களும் இப்போது முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அயோடின் பிரித்துக் காட்டப் போய்விட்டன. டூ-ஆக்டனால் அலமாரியில் இருக்கிறது, பெரிய எழுத்தில் "இது அது இல்லை" என்று ஒட்டி. கண்ணாடிக் குழாய் இன்னும் பன்னிரண்டு கேட்டிருந்தேன், எட்டு வந்தது, மீதி நாலு அடுத்த வாரம் என்கிறார். இது அவர் சொல்லும் மூன்றாவது அடுத்த வாரம்.